பழைய காருக்கு இன்டர்நெட்டில் ஏன் இத்தனை விலை?

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் வந்தவுடன் பலரும் செய்து பார்க்கும் வேலைகளில் ஒன்று, தங்களிடம் இருக்கும் பொருளுக்கு இன்று என்ன விலை கிடைக்கும் என்று தேடுவது. தங்கத்துக்குத் தேடினால் எல்லாத் தளங்களிலும் ஏறக்குறைய ஒரே விலைதான் வரும். பழைய காருக்குத் தேடிப் பாருங்கள். நான்கு தளங்களில் நான்கு விலை வரும். சில சமயம் அவற்றுக்கு இடையே ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருக்கும். "இதில் எது உண்மை? எந்தத் தளம் பொய் சொல்கிறது?" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் தேனி மாவட்டம் தேவதானப்பட்டி. கார் வியாபாரம் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு புரோகிராம் எதை வாங்கிக் கொண்டு எதைத் திருப்பித் தருகிறது என்று பார்ப்பது என் தொழில். விலை சொல்லும் தளமும் ஒரு புரோகிராம்தான். அந்தக் கண்ணோடு பார்த்தால் குழப்பம் பெருமளவு தீர்ந்துவிடும். எப்படி என்பதை இங்கே பார்க்கலாம்.

ஒரு கார், ஐந்து விலை

2025 அக்டோபரில் என் பெரியப்பா தன் காரை விற்க முடிவு செய்தார். 2017 மாடல் மாருதி ஸ்விப்ட், பெட்ரோல், டி.என். 60 பதிவு, சிங்கிள் ஓனர், 62,000 கிலோமீட்டர் ஓடியது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தேவை. அவருக்குக் கிடைத்த விலைகள் இவை:

விலைக் கணிப்புத் தளம் ஒன்று: 4,05,000 முதல் 4,30,000 வரை.
விளம்பரத் தளம் காட்டிய சராசரி விலை: 4,75,000.
நேரடியாகக் காரை வாங்கும் நிறுவனம்: அதிகபட்சம் 3,45,000.
இன்சூரன்ஸ் பாலிசியில் இருந்த மதிப்பு: 3,20,000.
உள்ளூர் புரோக்கர்: 3,40,000.

மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் 1,55,000 ரூபாய் வித்தியாசம். புரோக்கர் சொன்னதற்கே கொடுத்துவிட்டால் நஷ்டமோ என்ற பயம் ஒரு பக்கம். 4,75,000 வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் கட்டணம் கட்டும் தேதி போய்விடும் என்ற பயம் மறுபக்கம். ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்துவிடலாமா என்று கேட்டார். கூடாது. ஏன் என்றால் இந்த ஐந்தும் ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல.

யார் யாரிடம் வாங்கும் விலை?

அமெரிக்காவில் பழைய கார் விலைப் புத்தகங்களுக்கு நூறு வருட வரலாறு உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கார் வியாபாரம் செய்த லெஸ் கெல்லி 1926-இல் "புளூ புக்" என்ற விலைப் பட்டியலை வெளியிட்டார். அது முதலில் வியாபாரிகளும் வங்கிகளும் பயன்படுத்திய பட்டியல். பொதுமக்களுக்கான பதிப்பு 1993-இல்தான் வந்தது. கார் டீலர்களின் தேசிய சங்கம் 1933-இல் தன் விலைக் கையேட்டைத் தொடங்கியது. கடன் கொடுக்கும் வங்கிகள் அதை அதிகம் பயன்படுத்தின. 1955-இல் தொடங்கிய பிளாக் புக், டீலர்கள் தங்களுக்குள் ஏலத்தில் வாங்கும் மொத்த விலைகளைத் தொகுத்தது. மூன்றும் ஒரே காருக்கு மூன்று விலை சொன்னதில் ஆச்சரியம் இல்லை. ஏலத்தில் டீலர் வாங்கும் விலையும் ஷோரூமில் நீங்கள் வாங்கும் விலையும் ஒன்றாக இருக்க முடியாது.

இன்றைய கெல்லி புளூ புக் தளம் இதை வெளிப்படையாகவே பிரித்துக் காட்டுகிறது. டீலரிடம் பழைய காரைக் கொடுத்துப் புதியது வாங்கினால் ஒரு விலை. தனிநபர் தனிநபருக்கு விற்றால் ஒரு விலை. டீலரிடமிருந்து வாங்கினால் ஒரு விலை. முதலாவது குறைவு, கடைசி அதிகம், நடுவில் இருப்பது நம் வீட்டு வாசலில் நடக்கும் வியாபாரம்.

நம் நாட்டில் மாருதியின் ட்ரூ வேல்யூ 2001-இல் வந்தது. பிறகு மகிந்திரா பர்ஸ்ட் சாய்ஸ் வெளியிட்ட இண்டியன் புளூ புக், ட்ரூம் நிறுவனம் தொடங்கிய ஆரஞ்சு புக் வேல்யூ போன்ற விலைக் கையேடுகள் வந்தன. எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் தேட வேண்டியது விலையை அல்ல. "விற்பவர் யார், வாங்குபவர் யார்" என்ற தேர்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தேர்வே இல்லாத தளம் என்றால், அது யாருக்காக நடத்தப்படுகிறது என்று யோசியுங்கள்.

இன்சூரன்ஸ் மதிப்பு என்பது என்ன?

பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். கார் திருடு போனாலோ முழுவதும் சேதமானாலோ கம்பெனி தரும் தொகைக்கு அது அடிப்படை. கம்பெனி அறிவித்த புதிய கார் விலையில் இருந்து வயதுக்கு ஏற்பக் கழித்து அதைக் கணக்கிடுகிறார்கள். ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 சதவீதம் கழிவு. ஐந்து வருடத்துக்குப் பின் கம்பெனியும் வாடிக்கையாளரும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகை.

இந்தக் கணக்கில் கிலோமீட்டர் இல்லை. எத்தனையாவது ஓனர் என்பது இல்லை. மழையில் நின்றதா, ஷெட்டில் நின்றதா என்பதும் இல்லை. வருமான வரிக்கு வியாபாரிகள் போடும் தேய்மானக் கணக்கும் இதே போலத்தான். காருக்கு வருடத்துக்கு 15 சதவீதம், மீதி இருக்கும் மதிப்பின் மேல் கழிப்பார்கள். 6,00,000 ரூபாய் காரை எடுத்துக் கொள்ளுங்கள். ஐந்தாவது வருடத்தில் ஐ.டி.வி. கணக்குப்படி 3,00,000 ரூபாய். வரிக் கணக்குப்படி ஐந்து வருடம் கழித்தால் 2,66,223 ரூபாய். இரண்டுமே தங்கள் வேலைக்குச் சரி. சந்தையில் அந்தக் கார் எவ்வளவுக்குப் போகும் என்பதை இரண்டும் சொல்லாது.

கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு

விளம்பரத் தளம் காட்டிய 4,75,000-க்கு வருவோம். அது விற்ற விலை அல்ல, விற்பவர்கள் கேட்கும் விலை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நியாயமான விலை போட்ட கார் ஒரு வாரத்தில் விற்றுப் போய்விடும், விளம்பரமும் நீக்கப்படும். அதிக விலை போட்ட கார் மாதக் கணக்கில் அங்கேயே நிற்கும். எனவே நீங்கள் எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் விற்காத கார்களின் விலைதான் அதிகம் கண்ணில் படும். சராசரி தானாகவே மேலே போய்விடும்.

இன்னொரு கோளாறும் இருந்தது. அந்தத் தளம் 2017, 2018 கார்களை ஒன்றாகச் சேர்த்துச் சராசரி போட்டிருந்தது. ஸ்விப்ட் காரின் புதிய வடிவம் 2018 பிப்ரவரியில் வெளிவந்தது. பெயர் ஒன்றுதான், ஆனால் கார் வேறு. வயதில் சில மாத வித்தியாசம் இருந்தாலும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. உங்கள் கார் எந்த வருடம் மாடல் மாறியது என்பதைத் தெரிந்து கொள்ளாமல் "ஒரு வருடம் முன்னே பின்னே" என்று தேடாதீர்கள்.

நேரடியாக வாங்கும் நிறுவனம் ஏன் குறைத்துக் கேட்கிறது?

அவர்கள் அந்தக் காரைக் கழுவி, டிங்கரிங் பெயிண்டிங் பார்த்து, வேறு ஊருக்குக் கொண்டு சென்று, வாரண்டி கொடுத்து விற்க வேண்டும். 3,45,000-க்கு வாங்கி 4,25,000-க்கு விற்றால் வித்தியாசம் 80,000. ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரி இந்த வித்தியாசத்தின் மீது 18 சதவீதம் வரி கட்ட வேண்டும். எல்லாப் பழைய கார்களுக்கும் இந்த ஒரே விகிதம் 2025 ஜனவரியில் வந்தது. 80,000-க்கு 14,400 ரூபாய் வரி. சொந்தக் காரை இன்னொருவருக்கு விற்கும் தனிநபருக்கு இந்த வரி கிடையாது.

எனவே 3,45,000 என்பது ஏமாற்று விலை அல்ல. அலையாமல், காத்திருக்காமல், உடனே பணம் கிடைப்பதற்கான விலை. ஆனால் "அதிகபட்சம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆள் வந்து காரைப் பரிசோதித்த பிறகு அது குறையலாம்.

நேற்றைய விலை, இன்றைய சந்தை

விலைக் கையேடுகள் நடந்து முடிந்த விற்பனைகளை வைத்துத்தான் கணக்குப் போடுகின்றன. சந்தை திடீரென்று மாறினால் அவை பின்தங்கும். 2025 செப்டம்பர் 22 இதற்கு நல்ல உதாரணம். அன்று முதல் 1200 சி.சி. வரையுள்ள, நான்கு மீட்டருக்குள் அடங்கும் பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் 1 சதவீத செஸ்ஸும் போய் 18 சதவீதம் மட்டும் ஆனது. வரிக்கு முன் 100 ரூபாய் என்றால் முன்பு 129 ரூபாய், இப்போது 118 ரூபாய். அதாவது புதிய கார் விலையில் சுமார் 8.5 சதவீதக் குறைவு. புதியது குறைந்தால் பழையதும் குறையும். ஆனால் அதற்கு முந்தைய மாதங்களின் விற்பனைகளை வைத்துக் கணக்கிடும் தளம், அக்டோபரிலும் பழைய விலையையே சொல்லிக் கொண்டிருக்கும். எந்தத் தளத்திலும் "கடைசியாகப் புதுப்பித்த தேதி" இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா?

நான் பார்த்த தளங்களில் எதிலும் தேவதானப்பட்டி இல்லை. ஒன்றில் தேனி கூட இல்லை. அருகில் கிடைத்தது மதுரைதான். ஊரில் விற்பனை குறைவாக இருந்தால் தளத்திடம் தகவலும் குறைவு. அப்போது பெரிய நகரங்களின் விலையை வைத்தே நிரப்பிவிடும்.

ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் சந்தை சென்னைச் சந்தை அல்ல. போடி, கம்பம் பக்கம் ஏலத் தோட்டங்களுக்கு ஏறி இறங்கும் ஜீப் வகை வண்டிகளுக்கு இருக்கும் மவுசு நகரத்தில் கிடையாது. காட்ரோட்டில் இருந்து கொடைக்கானலுக்கு வாரம் மூன்று முறை ஏறிய காரும் சமவெளியில் ஓடிய காரும் ஒரே கிலோமீட்டர் காட்டலாம். கிளட்சும் பிரேக்கும் ஒன்றாக இருக்காது. குமுளிக்கு அந்தப் பக்கம் இருந்து வரும் கேரளப் பதிவு கார் விலை குறைவாகத் தெரியும். என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்யும் செலவைக் கூட்டினால்தான் உண்மை விலை தெரியும். இதெல்லாம் பெரிய நகரங்களின் விற்பனையில் இருந்து வரும் சராசரியில் தெரியாது.

தளத்தையே சோதித்துப் பாருங்கள்

இப்போது கம்ப்யூட்டர் முன் உட்காருங்கள். நாங்கள் புரோகிராம்களைச் சோதிக்கும் முறை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு விவரத்தை மட்டும் மாற்றுங்கள், விலை எவ்வளவு மாறுகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள்.

1. உங்கள் காரின் உண்மையான விவரங்களைக் கொடுத்து விலையை எழுதிக் கொள்ளுங்கள்.
2. மற்றவற்றை அப்படியே விட்டு, ஊரை மட்டும் மதுரையில் இருந்து சென்னைக்கு மாற்றுங்கள்.
3. ஊரைப் பழையபடி வைத்து, கிலோமீட்டரை 30,000 கூட்டுங்கள்.
4. கிலோமீட்டரைப் பழையபடி வைத்து, முதல் ஓனரை இரண்டாம் ஓனர் ஆக்குங்கள்.
5. கடைசியாக, காரின் நிலையை "மிக நன்று" என்பதில் இருந்து "சுமார்" என்று மாற்றுங்கள்.

ஊரை மாற்றியும் விலை மாறவில்லை என்றால் அந்தத் தளம் ஊரைக் கணக்கில் எடுக்கவில்லை, கட்டம் மட்டும் வைத்திருக்கிறது. பெரியப்பாவின் காருக்கு இப்படிச் செய்தபோது ஒரு தளத்தில் ஊர் மாறியும் ஒரு ரூபாய் கூட மாறவில்லை. இன்னொன்றில் 30,000 கிலோமீட்டர் கூட்டியதற்கு 6,000 ரூபாய்தான் குறைந்தது. மூன்றாவதில் ஓனர் எண்ணிக்கையை மாற்றியதும் 30,000 ரூபாய் இறங்கியது. பத்து நிமிட வேலைதான். எந்தத் தளம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவில்லை என்பது தெளிவாகிவிடும்.

விலை பார்ப்பதற்கே செல்போன் எண்ணும் ஓ.டி.பி.யும் கேட்கும் தளத்தில் எச்சரிக்கை தேவை. எண்ணைக் கொடுத்தால் அடுத்த சில நாட்களுக்கு அழைப்புகள் வந்து கொண்டே இருக்கலாம். ஆர்.சி. புக்கின் படத்தை விலை பார்ப்பதற்காக எங்கும் அனுப்ப வேண்டாம்.

உங்கள் சொந்த விலைக் கையேடு

இனி எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து புதிய பைல் ஒன்றை உருவாக்குங்கள். முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்யுங்கள்: தேதி, ஊர், மாடல் வருடம், கிலோமீட்டர், ஓனர், விலை, கேட்டதா விற்றதா.

விளம்பரத் தளங்களில் தேனி, திண்டுக்கல், மதுரை மாவட்டங்களில் மட்டும் தேடி, உங்கள் கார் போன்ற எட்டு அல்லது பத்து கார்களைப் பதிவு செய்யுங்கள். பிறகு விலை இருக்கும் நெட்டு வரிசையைச் சிறியதில் இருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணைப் பாருங்கள். சராசரி வேண்டாம். 3,80,000, 3,95,000, 4,10,000, 4,35,000, 6,50,000 என்று ஐந்து விலை இருப்பதாக வைத்துக் கொள்வோம். கடைசியில் உள்ளவர் ஆசையில் போட்டிருக்கலாம், டைப் செய்யும்போது தவறியும் இருக்கலாம். சராசரி 4,54,000 வரும். ஐந்தில் நான்கு பேர் அதற்குக் கீழேதான் கேட்கிறார்கள்! நடு எண் 4,10,000. அந்த ஒருவரால் நடு எண் அசையவில்லை.

வாரம் ஒரு முறை அதே விளம்பரங்களைத் திரும்பப் பாருங்கள். விலை குறைத்தவர் யார், விளம்பரம் மறைந்தது எது என்று குறியுங்கள். மறைந்த எல்லாமே விற்றவை என்று சொல்ல முடியாது. ஆனாலும் எந்த விலையில் இருப்பவை வேகமாக மறைகின்றன என்பது நல்ல தடயம். அதைவிட நல்லது, உங்கள் தெருவில் அண்மையில் விற்றவரிடமே கேட்பது. கடைசியாகக் கைக்கு வந்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். அப்படிப்பட்ட இரண்டு எண்கள் இருபது விளம்பரங்களுக்குச் சமம்.

பெரியப்பாவுக்காக நாங்கள் ஒன்பது விளம்பரங்களைக் குறித்தோம். நடு எண் 4,35,000. மூன்று வாரத்தில் நான்கு மறைந்தன. நான்குமே 3,80,000-க்கும் 4,15,000-க்கும் இடையே கேட்கப்பட்டவை. சுற்று வட்டாரத்தில் உண்மையில் விற்ற இரண்டு கார்கள் 3,75,000-க்கும் 3,95,000-க்கும் போயிருந்தன. பெரியப்பாவின் காருக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் பார்த்து மூன்று எண்களை எழுதினோம். விளம்பரத்தில் போடுவது 4,10,000. எதிர்பார்ப்பது 3,85,000. எவர் கேட்டாலும் 3,70,000-க்குக் கீழே இல்லை.

நான்காவது வாரம் வத்தலக்குண்டில் இருந்து வந்த ஆசிரியர் ஒருவர் 3,86,000-க்கு எடுத்துக் கொண்டார். புரோக்கர் சொன்னதைவிட 46,000 ரூபாய் அதிகம். 4,75,000 என்று காத்திருந்தால் கட்டணத் தேதி தாண்டியிருக்கும். இதில் பெரியப்பாவுக்கு அதிகம் உதவியது மூன்றாவது எண்தான். நேரில் ஆள் வந்து பேரம் பேசும்போது தடுமாற்றம் இல்லாமல் பேச முடிந்தது.

வாங்குபவர்களுக்கு

நீங்கள் கார் வாங்கப் போகிறீர்கள் என்றாலும் இதே டேபிள் போதும். தளம் காட்டும் விலைக்கு மேல் வேறு செலவுகளும் உண்டு. 15 வருடம் நெருங்கும் காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கு அந்தக் கட்டணம் 600 ரூபாயில் இருந்து 5,000 ஆனது. எப்.சி.க்குத் தயார் செய்யும் வேலை தனி. வங்கிக் கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் நீக்கப்பட்டதா என்று எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். டெல்லியில் இருந்து வரும் டீசல் கார் மிகக் குறைவாகக் கிடைத்தால் காரணம் கேளுங்கள். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அங்கே பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் கட்டுப்பாடு கொண்டு வந்த பிறகு அங்கிருந்து பல கார்கள் வெளி மாநிலங்களுக்கு வந்தன.

விற்பவருக்கு ஒரு எச்சரிக்கை. அட்வான்ஸ் அனுப்புகிறேன், க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்று யாராவது சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் தேவையே இல்லை.

ஒரு தளம் விலை சொன்னால் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். யார் யாருக்கு விற்கும் விலை இது? கேட்ட விலையா, விற்ற விலையா? எந்த ஊர் விலை? எந்த மாதத்து விலை? நான்குக்கும் பதில் கிடைத்தால் அந்த எண்ணை உங்கள் டேபிளில் ஒரு வரியாகச் சேர்த்துக் கொள்ளலாம். பதில் கிடைக்காவிட்டால் அந்த எண்ணை விட்டுவிட்டு அடுத்த தளத்துக்குப் போங்கள்.